மூன்றாவது அளவு

அன்று பகல் ஒரு மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். சன்னலோர மேசையில், ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு, பழைய கணினிகளிலிருந்து கழற்றி வந்த பிராசஸர்களின் ஊசிக்கால்கள் வளைந்திருக்கின்றனவா என்று பார்ப்பவர்; எல்லோருக்கும் அவர் லென்ஸ் அண்ணன். கதவுக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே முக்காலி போட்டு, தேறியவற்றைப் பொட்டலம் கட்டும் குண்டூசி. ஆள் ஆறடி, அகலம் மட்டும் பெயருக்கு ஏற்றது. நடுவில், சுவரைப் பார்த்த சோதனை மேசையில் அவள். நான்காவதாக யாரும் இல்லை. இருந்தும் நான்காவதாக ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது.

அது சோதனைப் பலகையின் விசிறியிலிருந்து வந்தது. அந்தச் சின்ன விசிறிகள் ஒரே சீராக இரைய வேண்டும். பதினோரு வருடங்களாக அந்த இரைச்சலில் உட்கார்ந்து அவளுக்கு அது கேட்பதே நின்றுபோயிருந்தது. இது இழுத்தது, விட்டது. மறுபடி இழுத்தது, விட்டது. விடும்போது சளி கட்டிய சின்ன மார்பில் கேட்கிற மாதிரி ஒரு கரகரப்பு.

"அண்ணே, இந்த ஃபேன் சத்தம் உங்களுக்கு எப்படிக் கேக்குது?"

"ஒரு கண்ணை ஊசிக்கு வாடகைக்கு விட்டிருக்கேன், தங்கச்சி. காது ஓய்வுல இருக்கு."

"பசி வந்தா அக்காவுக்கு எல்லாமே பேசும்," என்றான் குண்டூசி. "சாப்பிட வாங்க."

"நீ சாப்பிடறதெல்லாம் எங்கடா போகுது? போங்க ரெண்டு பேரும். அளவு எழுதிட்டு வரேன்."

அவர்களுடைய செருப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கித் தேய்ந்தது.

மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் கணினி அறையிலிருந்து அன்று காலை வந்தவை மொத்தம் நாற்பது. அவளுடைய வேலைக்கு முறை உண்டு. வெப்பம் கடத்தும் பழைய பசையை எரிசாராயத்தில் துடைக்க வேண்டும். பிராசஸரைப் பலகையில் பொருத்தி, புதுப் பசை தடவி, மேலே உலோகக் கட்டியையும் விசிறியையும் வைத்து, முழுச் சுமையில் ஓடவிட வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைக் குறிக்க வேண்டும். ஒரு அளவை நம்பக் கூடாது. இரண்டு ஒத்துப்போனாலும் போதாது. மூன்றாவது அளவுக்குப் பிறகுதான் முடிவு. தேறினால் பச்சைத் தட்டு. தேறாவிட்டால் சிவப்புத் தட்டு, அங்கிருந்து நொறுக்கும் இயந்திரம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் சொல்லிக்கொடுத்தது. அவள் ஒரு நாளும் தவறியதில்லை.

ஒன்று பத்துக்கு முதல் அளவு. முழுச் சுமையில் எழுபதைத் தொட வேண்டியது, 38.9 காட்டியது. எழுதிக்கொண்டாள். எழுதிய பிறகும் பென்சில் தாளிலேயே நின்றது. இதே எண்ணை, இதே நேரத்துக்கு நேராக, அவள் ஏற்கெனவே ஒரு நோட்டில் எழுதியிருந்தாள்.

போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய ஒரே பிள்ளை பட்டாணிக்கு ஆறு வயது. காலையிலிருந்து உடம்பு சுட்டது. ஒன்று பத்துக்கு 38.9. ஒன்று முப்பதுக்கு 39.8. கணவன் சரக்கு ஏற்றிக்கொண்டு வண்டியோடு வெளியூர் போயிருந்தான். பக்கத்து வீட்டு வாசலில் கார் நின்றது. சமையலறை சன்னலிலிருந்து அதன் பின்கண்ணாடி தெரிந்தது. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள். அவள் நோட்டில் "1.50" என்று எழுதிக் கோடு போட்டு வைத்துவிட்டு, மூன்றாவது அளவுக்காகக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். ஒன்று நாற்பத்திரண்டுக்குக் குழந்தைக்கு வலிப்பு வந்தது. அந்தக் கோட்டின் மேல் எந்த எண்ணும் எழுதப்படவே இல்லை.

கணவனிடம், "திடீர்னு வந்து நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு" என்றாள். அவன் அந்த வீட்டில் இருக்க முடியாமல் தம்பி வீட்டோடு போய்விட்டான். வாரம் ஒரு கடிதம் எழுதுவான். எல்லாவற்றிலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்: வண்டியை நான் எடுத்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால். அவளும் வாரம் தவறாமல் பதில் எழுதினாள். அந்த வரிக்கு மட்டும் பதில் எழுதியதில்லை. ஒரு மனிதன் அவளுடைய பாவத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது தெரிந்தும், வேண்டாம், இறக்கி வையுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஒன்று முப்பது.

திரையில் 39.8.

விசிறி இப்போது வேகமாக இழுத்தது. இரண்டு இழுப்புக்கு நடுவே ஒரு சின்ன முனகல். அவள் மின்செருகியைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. விசிறி நிற்கவில்லை. கையில் பிடித்துக் காட்டும் வெப்பமானியை எடுத்து நீட்டினாள். 40.1. 40.3.

கையுறையைக் கழற்றி எறிந்தாள். கட்டியை விசிறியோடு தூக்கி ஓரமாக வைத்தாள். சற்று முன் கெட்டியாகத் தடவிய பசை நீராகக் கசிந்திருந்தது. வியர்வை. தூங்கி எழுந்த குழந்தையின் பிடரி வாசனை. அந்த வாசனை ஒரு வருடமாக எந்தத் துணியிலும் மிச்சமில்லை. அவள் எல்லாத் துணியையும் முகர்ந்து பார்த்திருந்தாள்.

இந்தத் தடவை காத்திருக்கவில்லை.

துப்பட்டாவின் நுனியைத் தண்ணீர்ப் புட்டியில் முக்கினாள். பிழிந்தாள். அந்தச் சின்னச் சதுரத்தின் மேல் மடித்துப் போட்டாள். "ஒண்ணுமில்லடா. ஒண்ணுமில்ல. அம்மா இருக்கேன்."

39. 38. 37.

மூச்சு மெதுவானது. 36.6. அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, அழுகையோடு.

35.

"போதும்டா. போதும், போதும்."

33. 30. துணியை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து மூடி ஊதினாள். 28. அறையின் வெப்பம் இருபத்தேழு. 27-இல் நின்றது. விசிறியும்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. பிறகு பக்கத்துத் தட்டைப் பார்த்தாள். இன்னும் எந்தக் கம்பியும் படாதவை, வரிசையாகப் படுத்திருந்தவை. புறங்கையை, நெற்றியில் வைப்பது போல, முதலாவதன் மேல் வைத்தாள். சுட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசி வரிசை வரை.

அவள் தாள் எடுத்தாள்.

"அன்புள்ள உங்களுக்கு. நான் நலம். வரிசையாக எழுதுகிறேன், வரிசையாகப் படியுங்கள். ஒன்று: அது திடீரென்று வரவில்லை. காலையிலிருந்தே இருந்தது. இரண்டு: பக்கத்து வீட்டுக் கார் வாசலில்தான் நின்றது. நான் கூப்பிடவில்லை. மூன்றாவது அளவுக்குக் காத்திருந்தேன். வண்டிக்கும் உங்களுக்கும் இதில் எதுவும் இல்லை. மூன்று: இன்று ஒன்றைப் பார்த்துக்கொண்டேன், தவறவிட்டேன். இன்னும் முப்பத்தொன்பது இருக்கின்றன. எல்லோருக்கும் காய்ச்சல். நான் ஒருத்தி. வண்டியை எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள்."

மடித்து உறையில் போட்டு, நாக்கில் ஈரம் இல்லாததால் பசைப் புட்டியைத் திறந்து ஒட்டினாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். லென்ஸ் அண்ணன்தான் முதலில் ஈரத்துணியைப் பார்த்தார். "என்ன தங்கச்சி இது? தண்ணி பட்டா செத்துடும்னு உனக்கு நான் சொல்லணுமா?"

"காய்ச்சலா இருந்துச்சு அண்ணே."

அவர் சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார், கண்ணுக்குக் கொண்டுபோகாமல் திரும்பப் போட்டார். என்ன செய்வதென்று தெரியாதவராகத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். அதை வைத்திருந்த கை அப்படியே நின்றது. பிறகு, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல, இரண்டு கையாலும் மெல்லத் திரும்ப வைத்தார்.

"குண்டூசி, இதைத் தபால்ல போட்டுடுடா," என்றாள்.

"மாமாவுக்கா? ஃபோன்ல பேசினா வெக்கமாக்கும்?" அவள் முகத்தைப் பார்த்து அவன் சிரிப்பு நின்றது. "தாங்க அக்கா. ஓடிட்டு வந்துடறேன்."

அவள் சன்னலுக்குப் போனாள். கீழே, வெயிலில், அவன் நீளக் கால்களால் தெருவைக் கடந்தான். எதிர்ப்பக்கத் தபால்பெட்டியின் வாயில் உறையை நுழைத்தான், விரல்களை எடுத்தான்.

அவள் முதுகுக்குப் பின்னால், அலமாரியில் கம்பியில்லாமல் அடுக்கியிருந்த விசிறிகள் எல்லாம் ஒன்றாக மூச்சை இழுத்தன.

விடவில்லை.