இரண்டாவது சொல்

சவரிராயன் டிரம்மில் நான்கு அடி அடித்தால் கேட்பவர் காதில் ஓர் அடிதான் விழும். மற்ற மூன்றையும் செவிக்காப்பு விழுங்கிவிடும். அதனால் கல்யாண வீடுகளுக்கு அவனை யாரும் அழைப்பதில்லை. 'ஓசை வராத டிரம்மர்' என்று அவனே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வான். அதைக் கேட்டுச் சிரித்தவர்களும் "ஹா" என்று ஒருமுறைதான் சிரித்தார்கள். அல்லது அப்படித்தான் கேட்டது.

தூத்துக்குடிக் கரை நெடுகக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்த பிறகு ஊரில் யாராலும் தூங்க முடியவில்லை. கடல்நீரை உறிஞ்சும் இறைப்பான்கள் பகலென்றும் இரவென்றும் பாராமல் தரையை இடித்துக்கொண்டே இருந்தன. அப்போதுதான் செவிக்காப்பு வந்தது. புளியங்கொட்டை அளவில் இருக்கும் அதைக் காதுக்குள் அழுத்திக்கொள்ள வேண்டியதுதான். ஓர் ஒலி, சிறு இடைவெளி, மறுபடி அதே ஒலி என்று எது வந்தாலும் அதன் கணக்கில் அது இரைச்சல். முதலாவதை உள்ளே விடும், பின்னால் வருவதையெல்லாம் அழித்துவிடும். அதைச் செய்தவர்கள் எந்த மொழி பேசினார்களோ, இங்கே யாருக்கும் தெரியாது. ஊர் அடங்கியது. பிள்ளைகள் தூங்கினார்கள். அதைக் கழற்றினால் இறைப்பான்களின் இடி தவிர வேறெதுவும் கேட்காது என்பதால் யாரும் கழற்றவில்லை.

லூசியன் கிடார் வாசிப்பவன். பழைய துறைமுகத்துக்கு எதிரே, மூடிக்கிடந்த வலைக்கிடங்கின் மாடியில் தனியாக இருந்தான். மனைவி ஜெசிந்தாவைப் பிரிந்து ஆறு வருடமாகிறது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. பேச ஆளில்லாத நாள்களில் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு மீட்டாமலே உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் அவன் நண்பன் சவரி, கோயில் இசைக்குழுவின் பழைய சாமான்களிலிருந்து எதிரொலிப்பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தான். மேலே குமிழ்கள், உள்ளே சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஓர் உலோகச் சக்கரம். அதன் விளிம்பில் ஒலியை எழுதும் முனை ஒன்றும் படிக்கும் முனைகள் மூன்றும் இருந்தன. மைக்கில் பாடியது சக்கரத்தின் ஓரத்தில் பதியும். சக்கரம் சுழன்று ஒவ்வொரு முனையையும் தொடும்போது பாடியது கொஞ்சம் தேய்ந்து திரும்பி வரும். முற்காலத்து மெல்லிசைக் குழுக்கள் மேடையில் இதைத்தான் வைத்திருந்தன. புதிய கருவிகளின் எதிரொலி துல்லியமாகத் துண்டு துண்டாக வருவதால் செவிக்காப்பு அதைத் தின்றுவிடும். இந்தக் கிழட்டுச் சக்கரமோ தள்ளாடிச் சுற்றியது. ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் ஒட்டிக்கொண்டது. நடுவில் இடைவெளி இல்லாவிட்டால் செவிக்காப்புக்கு எண்ணத் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் உள்ளே விட்டது.

லூசியன் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுச் சுழலவிட்டான்.

"என்னல, ஓடுதா?" என்றான் சவரி.

"ஓடுது. மைக்ல எதாச்சும் பேசு."

சவரி மைக்கருகே குனிந்தான். லூசியன் காதில் ஒரு 'ஹலோ' வந்தது. அது தேய்ந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு 'ஹலோ' முதலாவதைவிட உயர்ந்த குரலில் வந்தது. லூசியன் தலையை நிமிர்த்தினான். எதிரொலி இறங்கும், ஏறாது.

"நீ ரெண்டு தடவ சொன்னியா?"

"மைக் டெஸ்ட்டுன்னா ரெண்டு தடவதான சொல்லணும். ஒரு தடவ கூப்பிட்டா மைக்கு திரும்பிப் பாக்குமா?"

"எப்பவும் அப்பிடித்தான் சொல்லுதியா?"

"எப்பவும் அப்பிடித்தான். வாய் சொல்லும், காது கேக்காது. பழக்கம்ல, விடமுடியல."

"எனக்கு இத்தன வருசமா ஒண்ணுதான்ல கேட்டுச்சு."

"அதுக்கு ஏன் பேய் அறைஞ்ச மாதிரி பாக்க? டிரம்மு போச்சு, அதுக்கே நீ அழல. ஒரு ஹலோவுக்கு அழுதியோ?"

லூசியன் பெட்டியின் மேல் குனிந்தான். சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. டிரம்முக்கு நேர்ந்தது எல்லோருக்கும் தெரியும். பேச்சுக்கும் அதேதான் நேர்ந்திருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. 'வாங்க வாங்க' என்றால் வரவேற்பு. வெறும் 'வாங்க' என்றால் அலுவலகம். 'சரி சரி' என்றால் தோளில் கை போடுவது போல. 'சரி' என்றால் கதவைச் சாத்துவது போல. இரண்டாவது சொல்லில்தான் இந்த ஊர்க்காரர்கள் பிரியத்தை வைத்திருந்தார்கள். அதைத்தான் கருவி இரைச்சல் என்று எண்ணி அழித்துக்கொண்டிருந்தது. தன் குரலே தன் காதில் விழாதபோது எத்தனை பேர் அதைச் சொல்வதையே விட்டிருப்பார்கள்.

அவனுக்கு மொட்டைமாடி நினைவுக்கு வந்தது. ஜெசிந்தா ஈரப் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். சின்னச் சண்டைதான், எதற்கென்றுகூட இப்போது நினைவில்லை. "இப்பிடியே பேசிட்டிருந்தா நா எங்கயாச்சும் போயிருவேன், பாத்துக்க" என்று பாதி விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் முகம் போர்வைக்குப் பின்னால் இருந்தது. "போங்க" என்று கேட்டது. ஒரே ஒரு முறை.

இரண்டாவது போங்க ஒன்று இருந்திருந்தால்? 'போங்க போங்க' என்று சிணுங்கலாகச் சொல்லியிருந்தால்? அதைக் கேட்டு எந்தப் புருஷன் வீட்டை விட்டுப் போவான்?

"போயிக் கேளேன்ல," என்றான் சவரி, விஷயத்தைக் கேட்டுவிட்டு.

"ஆறு வருசம் கழிச்சி என்னன்னு கேக்க?"

"போங்கன்னியா, போங்க போங்கன்னியான்னு கேளு. அவ வௌக்கமாத்தத் தூக்குனா அது ஒண்ணா ரெண்டான்னும் எண்ணிட்டு வா."

லூசியன் போகவில்லை. மழைக்காலம் முழுவதும் போகலாமா வேண்டாமா என்று கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்குள் சவரி ஒரு வேலை செய்தான். சக்கரத்தைக் காசு அளவுக்குச் சுருக்கி, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு எதிரொலிப்பெட்டி செய்தான். எதிரே இருப்பவர் பேசுவது அதன் வழியாகச் சுழன்று செவிக்காப்புக்குள் போகும். முதலில் பாட்டுக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். அப்புறம் அவர்கள் வீட்டுக்காரர்கள். மழை ஓய்ந்தபோது ஊரில் பாதிப் பேர் நெஞ்சில் ஒரு பெட்டி சன்னமாக முனகிக்கொண்டிருந்தது.

ஊர் மாறித்தான் போயிற்று. கடைக்காரர் 'இல்லை' என்றாலும் 'இல்லை இல்லை' என்று வருந்துவதாகக் கேட்டது. அதிகாரி 'நாளைக்கு' என்று விரட்டியதையும் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு மனுக்காரர் வணங்கிவிட்டுப் போனார். விலகிப் போயிருந்த அண்ணன் தம்பிகள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாராலும் யாரையும் ஒற்றைச் சொல்லால் அனுப்பிவிட முடியவில்லை.

"ஊரே கொஞ்சிக் குலாவுது, பாத்தியா," என்றான் சவரி.

திரும்பி வரும் சொல் ஏறுகிறதா, எதிரொலியாய் இறங்குகிறதா என்று ஒருவரும் கவனிப்பதில்லை என்பதை லூசியன் கவனித்திருந்தான். அதை அவன் சவரியிடம் சொல்லவில்லை. ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, ஒரு மத்தியான வெயிலில் ஜெசிந்தாவின் வீட்டுக்கு நடந்தான்.

கதவைத் திறந்தவளின் தலையில் முன்பக்கம் நரைத்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வாங்க," என்றாள்.

வாங்க, வாங்க, வாங்க என்று பெட்டி சொன்னது. செருப்பைக் கழற்றும்போது ஒரு கணம் அவனுடைய பழகிய காது, அந்த 'வாங்க' படிப்படியாக இறங்கியதை எடுத்துக் காட்டியது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாவது நாற்காலியில் மடித்த துணிகள் இருந்தன. அவள் அவற்றை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "இருங்க" என்றாள். அவனுக்கு அதுவும் பலமுறை கேட்டது. தேநீர் கொண்டுவந்தாள். சர்க்கரை அளவை அவள் மறந்திருக்கவில்லை.

"நீ பெட்டி போடலியா?" என்றான்.

"எனக்கெதுக்கு? நா சொல்லுதது எனக்குத் தெரியுமே."

"அடுத்தவங்க சொல்லுதது?"

"இங்க யாரு வாரா?"

லூசியன் தேநீரைக் குடித்தான். பேச்சில்லாதபோது பெட்டிக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றுமில்லை. சக்கரம் சுழலும் முனகல் மட்டும் கேட்டது. சன்னலுக்கு வெளியே ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. இந்த வீட்டில் இந்த ஆறு வருடமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று லூசியன் நினைத்துக்கொண்டான். தன் அறையைப் போலத்தான். இரண்டு அமைதிகளுக்கும் நடுவில் ஒரு சொல்தான் குறை.

"ஜெசி, அன்னைக்கு மாடியில நீ போர்வைய உதறிட்டிருந்த."

"ஞாபகமிருக்கு."

"நா போயிருவேன்னு சொன்னேன். நீ பதில் சொன்ன. எனக்கு ஒரு போங்கதான் கேட்டுச்சு. காதுல கெடக்குத இந்தக் கொட்ட மிச்சத்த முழுங்கிருச்சு. எனக்கு இப்பத்தான் தெரியும். நீ வெளாட்டாத்தான சொன்ன? ரெண்டு தடவ சொன்னதான?"

ஜெசிந்தா டம்ளரின் விளிம்பை விரலால் துடைத்தாள். அவன் நெஞ்சில் தொங்கிய பெட்டியைப் பார்த்தாள்.

"அத அமத்துங்க. சொல்லுதேன்."

"அமத்துனா பாதிதான் கேக்கும்."

"நா சொல்லப்போறது பாதிதான்."

அவன் விரல் குமிழ்வரை போனது. போய் அங்கேயே நின்றது. அவள் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, அவன் கண்ணைப் பார்த்து, கோபமில்லாமல், நிதானமாகச் சொன்னாள்.

"ஒரு தடவ."

சக்கரம் சுழன்றது. ஒரு தடவ. ஒரு தடவ. ஒரு தடவ. வரவர அது தேய்ந்து, மென்மையாகி, கடைசியில் தூங்கும் பிள்ளையின் காதில் சொல்வதுபோல் ஆயிற்று.

ஜெசிந்தா அவன் பதிலுக்காகக் காத்திருந்தாள். லூசியன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தான்.