படத்துக்கு வேண்டாதது

மூன்று குழிகளும் நகர்ந்திருந்தன.

வெட்டவெளியில் உட்கார்ந்து காட்சி வரைகிறவர்கள் ஒரு படத்தை ஒரே நாளில் முடிப்பதில்லை. நாலைந்து நாள் வருவார்கள். அதே நேரம், அதே வெயில், அதே இடம். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாலும் பாறைக்குப் பின்னால் சும்மா இருந்த மரம் ஒன்று தலையை நீட்டிப் படத்தைக் கெடுத்துவிடும். அதனால்தான் டிராயிங் வாத்தியார் முதல் நாளே ஸ்டாண்டின் மூன்று கால்களையும் மிதித்து மிதித்து ஈரமண்ணில் ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கியிருந்தார். மறுநாள் வந்து பார்த்தால் குழிகள் இருந்தன. ஆழம் சரி, இடைவெளி சரி, முன்குழியின் உதட்டில் அவர் சிந்திய நீலச் சொட்டுகூடச் சரி. ஆனால் எட்டடி இடதுபுறம், மரத்தடியில் இருந்தன.

குழி தானாக நடக்காது. யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். அந்த 'யாரோ'வுக்கு அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்: அவருடைய மச்சினன்.

மனைவிக்கு ஒரே தம்பி. கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். முப்பது தாண்டியும் விளையாட்டுப் புத்தி போகவில்லை. போன வருஷம் வாத்தியார் மூன்று வாரம் பாடுபட்டு முடித்த வானத்தில் இவன் ஒரு ஈயை வரைந்துவைத்தான். காலும் ரோமமுமாக அப்படி ஒரு ஈ. வாத்தியார் செருப்பைக் கழற்றி அடித்ததில் வானம் கிழிந்தது. ஈ அப்படியே உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து தன் படத்துக்குப் பக்கத்தில் அவனைக் கண்டாலே வாத்தியாருக்கு உள்ளங்கை அரிக்கும்.

இருந்தும் கூட்டிக்கொண்டு வரவேண்டியிருந்தது. அவன் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். வீட்டில் விட்டால் உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்தே தரையைத் தேய்த்துவிடுவான் என்று அக்காக்காரி அவனை வாத்தியார் தலையில் கட்டினாள்.

"குவாரித் தண்ணி ஆழம். அவனுக்கு நீச்சல் தெரியாது," என்றாள் வாசலில் நின்று. "ஸ்டூலை மட்டும் பத்திரமா கொண்டு வந்துடுவீங்க, எனக்குத் தெரியும். இவனையும் கொண்டு வரணும். பொறக்கப்போறது கண்ணைத் திறந்தா அப்பனைத் தேடும்."

"உன் தம்பியை யாரு தூக்கிட்டுப் போகப்போறா? கொடுத்தாலும் வாங்க மாட்டாங்க."

கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரி அது. வெட்டிய பள்ளத்தில் எத்தனையோ மழை தேங்கி, பாசி பிடித்து, பச்சையா கறுப்பா என்று பிரித்துச் சொல்லமுடியாத தண்ணீர் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் செங்குத்தாக வெட்டிய பாறை, பாறைமேல் மனிதக் கால் படாத மரக்கூட்டம், அதன் இடுக்குகளில் சாயங்கால வெயில் எண்ணெய் வழிவதுபோல மெதுவாக இறங்கும். அக்கரைக்குப் போக வழி கிடையாது. பறந்தால்தான் உண்டு.

முதல் நாள் வாத்தியார் நல்ல உற்சாகத்தில் இருந்தார். அக்கரையில் கோணலாக நின்ற பட்டமரம் ஒன்றைப் படத்தில் விட்டுவிட்டார்.

"பாவம் மாமா," என்றான் மச்சினன் எட்டிப் பார்த்து. "எத்தனை வருஷமா நிக்குதோ. நீங்க ஒரே நிமிஷத்துல காலி பண்ணிட்டீங்க."

"படத்துக்கு வேண்டாததுன்னா எடுத்துடணும் மாப்ள. தாட்சண்யம் பார்க்கக் கூடாது." பிறகு அவன் படத்தை வாங்கிப் பார்த்தார். தண்ணீரோரம் இரண்டு கொக்குகள். "இது என்ன, ஒரே அளவுல ரெண்டு, பக்கத்துல பக்கத்துல? கண்ணு எதைப் பார்க்கும்? ஒண்ணை அழி. மிச்சம் இருக்கிறதுக்குப் பக்கத்துல துளி சிவப்பு வை. இவ்வளவு பச்சைக்கு நடுவுல துளி சிவப்பு இருந்தா கண்ணு நேரா அங்க போய் உக்காரும்."

"எந்தக் கொக்கை அழிக்க? ரெண்டும் புள்ளகுட்டிக்காரன் மாதிரி நிக்குது."

"ஏதாவது ஒண்ணை. அப்புறம் அதுக்குள்ள என்ன கையெழுத்து? எல்லாம் முடிஞ்சாத்தான் மூலையில கையெழுத்து. போட்டாச்சுன்னா அப்புறம் ஒரு புள்ளிகூட மாத்தக் கூடாது."

"நான் போர்டுல முதல்லயே என் பேரைப் போட்டுடுவேன் மாமா. கடைசியில இடம் விட மாட்டாங்க."

இதெல்லாம் முதல் நாள். இரண்டாம் நாள்தான் குழி. வாத்தியார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பான். மரத்தடிக் குழிகளை மண் போட்டு மூடிவிட்டு, தன் பழைய இடத்தில் ஸ்டாண்டை நட்டு, ஒரு கண்ணைப் படத்திலும் ஒரு கண்ணை அவனிடமும் வைத்துக்கொண்டு வரைந்தார். அவன் தூரத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்து எறும்பு வரைந்துகொண்டிருந்தான். எழவே இல்லை. வெயில் இறங்கி, பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது வாத்தியாரின் மடியில் இலைநிழல் ஆடியது. மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

தான் எப்போது நகர்ந்தோம் என்று வீடு வரும்வரை யோசித்தார். விடை கிடைக்காததால், மச்சினன்மேல் சந்தேகம் இரண்டு மடங்கானது.

மூன்றாம் நாள் கம்பம். அவர்களுக்குப் பின்னால் விளக்கில்லாத கரண்ட் கம்பம் ஒன்று இருந்தது. இரண்டு நாளும் அதன் ஆணியில்தான் பையை மாட்டினார். அன்றும் திரும்பிப் பார்க்காமல் மாட்டினார். பை தொப்பென்று கீழே விழுந்தது.

"கம்பம் எங்க மாப்ள?"

"எந்தக் கம்பம்?"

அவன் உதட்டையே பார்த்தார் வாத்தியார். சிரிப்பை அடக்கினால் இடதுகடைவாய் துடிக்கும் அவனுக்கு. துடிக்கவில்லை. தேறிவிட்டான், என்று நினைத்தார். ஆனால் ஈயை வரையலாம், குழியைத் தோண்டலாம். இருபதடிக் கம்பத்தை என்ன செய்வான்? மண்டியிட்டுத் தடவினார். பிடுங்கிய தழும்பு இல்லை. கம்பம் நின்ற இடத்தில் புல் முழங்கால் உயரத்துக்கு நெருக்கமாக வளர்ந்திருந்தது. எல்லாப் புல்லும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது, ஒரே இழுப்பில் இழுத்த மாதிரி. மோந்து பார்த்தார். புல்வாசனை இல்லை. மழையில் ஊறிய கல்லின் வாசனை.

அன்று மாலை கதவைத் திறந்த மனைவி அவர் தலையைத்தான் பார்த்தாள். "யாரு தொப்பி இது?"

தினமும் போடுகிற சாம்பல்நிறத் தொப்பி. கழற்றிப் பார்த்தார். சிவப்பு. சும்மா சிவப்பு இல்லை, தெருமுனையிலிருந்து பார்த்தாலும் கண்ணில் குத்துகிற சிவப்பு. உள்ளே புரட்டினார். ஆறு வருஷ வேர்வைக் கறை அப்படியே இருந்தது. வெள்ளைநூல் தீர்ந்துபோனதால் மனைவி கறுப்புநூலில் போட்ட தையலும் இருந்தது.

"நம்ம தம்பி சாயம் அடிச்சிருப்பான்," என்று அவள் சிரித்தாள். "ஏங்க, உங்களுக்கும் கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு."

ராத்திரி டர்பன்டைன் ஊற்றித் தேய்த்தார். துணி நைந்தது. சிவப்பு போகவில்லை. மறுநாள் பழைய வெள்ளைத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டுதான் கிளம்பினார். குவாரியில் ஸ்டூலை விரித்து உட்கார்ந்து வேர்வையைத் துடைக்கக் கழற்றியபோது அது சிவப்பாக இருந்தது. உள்ளே கறுப்புத் தையல்.

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று முடிவு செய்தார்.

"மாப்ள, பாறைக்குப் பின்னாடி எல்லாம் போகாதே. இங்கே, என் பக்கத்துல உக்காரு. என் கண்ணு முன்னாடி."

"மாமா, இன்னிக்கு வேண்டாம். போயிடலாம்." அவன் சிரிக்கவில்லை. "நேத்தே சொல்லணும்னு நெனச்சேன். அக்கரையில யாரோ நிக்கிறாங்க."

"அக்கரையிலயா? ஈயா, ஆளா?"

"சத்தியமா மாமா. வீட்டுல என் பொண்டாட்டிக்குக் காலையிலேர்ந்து இடுப்பு வலிக்குதுங்கிறா. நான் வீட்டுக்குப் போறேன்."

"நான் இந்தப் பக்கம் படத்துல மூழ்கினதும் நீ அந்தப் பக்கம் உன் வேலையைக் காட்டணும். அதானே? உக்காருடா. ஒரு மணி நேரம். வெயில் இறங்கினதும் சேர்ந்தே போவோம். உங்க அக்காவுக்கு நான் பதில் சொல்லணும்."

அவன் உட்கார்ந்தான். வாத்தியாரின் ஸ்டூல் மாதிரியே ஒரு ஸ்டூல். அவரைப் போலவே முதுகை வளைத்து, முழங்காலில் பலகையை வைத்து, மூன்றடி தள்ளி.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் கரையை நக்கும் சத்தம், டர்பன்டைன் நெடி, வாத்தியாரின் பிரஷ் கேன்வாஸில் உரசுகிற சத்தம், அதற்குப் பின்னால், கவனித்துக் கேட்டால் மட்டும், இன்னொரு உரசல். ரொம்பப் பெரிய பிரஷ் ரொம்பத் தூரத்தில் இழுபடுகிற மாதிரி. வாத்தியார் பிரஷ்ஷை நிறுத்தினார். அந்தச் சத்தம் நிற்கவில்லை.

மச்சினன் கையைப் பார்த்தார். அவன் வரையவே இல்லை. விரல்களைப் பலகையில் ஊன்றி அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா. கண்ணைச் சுருக்கிப் பாருங்க."

கண்ணைப் பாதி மூடினால் இலை மறையும், கிளை மறையும். வெளிச்சம் ஒரு திட்டு, இருட்டு ஒரு திட்டு என்று காட்சி அடங்கி நிற்கும். எல்லா ஓவியனும் செய்வது. வாத்தியார் சுருக்கினார். மரக்கூட்டம் ஒரே இருட்டுத் திட்டானது. அதற்கு முன்னால் இன்னொரு திட்டு இருந்தது. அவர் முதல் நாள் பட்டமரம் என்று நினைத்து எடுத்துவிட்ட கோணல் திட்டு.

அது ஒரு கையை நேராக நீட்டியிருந்தது. கையில் செங்குத்தாக என்னவோ.

வாத்தியார் எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பார் அதை. கையை நீட்டி, பிரஷ்ஷை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை மேலும் கீழும் நகர்த்தி அளவெடுப்பது.

அது வாத்தியாரை அளந்தது. தலையிலிருந்து ஸ்டூல் வரை.

பிறகு கை நகர்ந்தது. மூன்றடி.

மச்சினனை அளந்தது.

மறுபடி வாத்தியார். மறுபடி மச்சினன். ஒரே அளவு. கை அப்படியே நின்றது, யோசிக்கிறதுபோல. வாத்தியார் எப்படி யோசிப்பாரோ அப்படி.

நல்ல இடத்துக்கு நகர்த்திய குழிகள். படத்தைக் கெடுத்ததால் எடுத்த கம்பம். பச்சைக்கு நடுவில் துளி சிவப்பு.

ஒரே அளவில் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். உட்காரவைத்தது அவர்தான்.

"மாப்ள, எழுந்திரு! ஓடு!"

"கால் எழும்பலை மாமா."

வாத்தியார் குனிந்தார். மச்சினனின் செருப்பு இருக்கவேண்டிய இடத்தில் புல். நெருக்கமாக, ஒரே பக்கம் சாய்ந்து. முழங்கால்வரை புல். அவன் அதைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தான்.

"மாமா, இது நான் இல்ல. நம்புங்க. ஈ நான்தான். இது..."

வாத்தியார் தன் தொப்பியைப் பிடுங்கினார். சிவப்பு இவன் தலையில் இருக்கட்டும். இவன் இருக்கட்டும். எட்டி, அவன் தலையில் அழுத்தினார்.

தலை இல்லை.

தொப்பி புல்லில் விழுந்தது. ஸ்டூல் இல்லை. பலகை இல்லை. யாரும் எப்போதும் மிதித்திராத புல்.

அடுத்துப் பார்த்தபோது தொப்பி அவர் தலையில் இருந்தது.

எழுந்து ஓட நினைத்தார். நினைத்தார், அவ்வளவுதான். வலதுகை பிரஷ்ஷோடு நீண்டபடி நின்றது. மடக்கமுடியவில்லை. சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி. இந்த நேரத்தில் கூப்பிட்டால் ஒரே ஒரு சேதிதான் இருக்கும். என்ன குழந்தை என்று சொல்ல அவள் துடித்துக்கொண்டிருப்பாள். தம்பியிடம் கொடுங்கள் என்பாள். போன் மறுபடி அடித்தது. மூன்றாம் தடவை பாதியில் நின்றது. ஓயவில்லை, பாதியில் நின்றது.

தண்ணீர் கரையை நக்கவில்லை. இலைநிழல் மடியில் ஆடவில்லை. வெயில் பாறையின் பாதியில் இருந்தது. இருந்தது. இறங்கவே இல்லை.

உரசல் சத்தமும் நின்றது.

அக்கரையில் அது நீட்டிய கையை மடக்கியது. ஓரடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தது. திருப்தியாக. பிறகு குனிந்தது, வலதுபக்கக் கீழ்மூலைக்கு.

வாத்தியாரின் காலடியில், இடதுபுறம், புல்லின்மேல் ஈரமாக ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. ஆள்நீளம். பக்கத்தில் இன்னொன்று, வளைந்து.

கையெழுத்தின் மூன்றாவது எழுத்து மெதுவாக எழுதப்பட்டது.