சடசடத்த எண்ணெய்

புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த ரோஜா, பழைய நெல் கிடங்கின் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே யாரும் பேசவில்லை. ஆரம்பாக்கத்தில் பத்துப் பெண்கள் ஓரிடத்தில் கூடியும் பேச்சுச் சத்தம் கேட்கவில்லை என்றால், ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நடுவில் ஒரு நீலப் பீப்பாய். ரோஜாவின் அம்மா தேசம்மா அதற்குள் நீளக் கரண்டியை விட்டு எடுத்தாள். தேன் போலத் தெளிவாக வழிந்திருக்க வேண்டும். வழியவில்லை. வெள்ளையாக, கொழகொழவென்று கரண்டியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"மறுபடியும் சோப்பாயிடுச்சு," என்றார் மோகன்ராஜ் மாமா.

மோகன்ராஜ் தேசம்மாவின் தம்பி. கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. பஜ்ஜியும் வடையும் சுட்டு மிச்சமாகிற கறுத்த எண்ணெயை ஊரே சாக்கடையில் கொட்டுகிறதே, அதை டீசல் மாதிரி எரிபொருளாக மாற்றலாம் என்று சொன்னவர் அவர்தான். மகளிர் குழுப் பெண்கள் அந்த யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று வெள்ளைக் கேன் கொடுத்து, சேர்ந்த எண்ணெயை லிட்டர் கணக்கில் விலைக்கு வாங்கினார்கள். தேசம்மா தன் கம்பெனி வேலையைக்கூட விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தாள்.

எண்ணெயை எரிபொருளாக்கும் மருந்தைக் கலக்கும் வேலையை, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மாமா மட்டும்தான் செய்வார். தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. ரோஜா அதைத் தாண்டக் கூடாது. அவளுக்கு வேறு வேலை. காலிக் கேன்களைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மூடி போட்டு வைக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை வீரராகவன் ஐயா வயல்ல தண்ணி எறைக்கிற எஞ்சினை இதுல ஓட்டிக் காட்டணுமே," என்றாள் தேசம்மா. "அது நடக்கலைன்னா கிடங்கு சாவியைப் பஞ்சாயத்துல திருப்பிக் குடுக்க வேண்டியதுதான்."

"எண்ணெயில தண்ணி கலந்திருந்தா இப்படித்தான் ஆவும்," என்றார் மாமா.

"தண்ணியா?" குழுத் தலைவி குப்பாயி விருட்டென்று எழுந்தாள். "அப்போ எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஸ்டேஷன் வாசல்ல சமோசா போடறானே கோபால், அவன் வேலைதான் இது! அளவைக் கூட்டிக் காட்ட தண்ணி ஊத்தறான். நம்ம ஊரு ஆளுங்க யாரு இப்படிப் பண்ணுவாங்க?"

கோபால் ஒடிசாவிலிருந்து வந்தவர். குப்பாயி சொன்னதைக் கேட்டு இரண்டு பெண்கள் தலையாட்டினார்கள்.

"நாளைக்கு அவன்கிட்ட குடுத்த கேனைப் புடுங்கிக்கினு வந்துடறேன். அவன் கடையில எவனும் வாங்கித் தின்னாதபடி ஊரு பூரா சொல்றேன்," என்றாள் குப்பாயி.

ரோஜாவுக்கு என்னவோ போல் இருந்தது. கோபால் அண்ணா, உடைந்த சமோசாவைக் காசு வாங்காமல் கொடுப்பவர். அவரா?

மறுநாள் காலை. தேசம்மா சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"ரோஜா, அந்தக் கரண்டியை எடு."

ரோஜா கரண்டியைக் கழுவி நீட்டினாள். தேசம்மா அதை எண்ணெயில் வைத்ததுதான் தாமதம், சடசடவென்று வெடித்து நாலாபக்கமும் தெறித்தது.

"ஐயோ! ஈரத்தோட குடுத்தியா? துடைச்சிட்டுக் குடுக்க வேணாமா? ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலே எண்ணெய் காட்டிக் குடுத்துடும்டீ!"

ரோஜா பின்னால் நகர்ந்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. எண்ணெய் தெறித்ததற்காக அல்ல.

கேன்கள்!

போன வாரம் அவள் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தெருவில் பாண்டி ஆட்டம் தொடங்கிவிட்டது. "வர்றியா இல்லையா?" என்று தோழிகள் கூப்பிட்டார்கள். காயட்டும் என்று யார் காத்திருப்பது? ஒரு உதறு உதறி, மூடியைத் திருகி, அடுக்கி வைத்துவிட்டு ஓடினாள். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். கேனின் அடியில் தண்ணீர் தளும்பியது அவள் காதில் விழத்தான் செய்தது. கொஞ்சம்தானே என்று விட்டுவிட்டாள்.

"இன்னாடி, சாப்பிடாம உக்காந்திருக்கே?" என்றாள் தேசம்மா.

"அம்மா..."

"சொல்லு."

அம்மாவின் கண்கள் தூக்கம் இல்லாமல் சிவந்திருந்தன.

"ஒண்ணுமில்லைம்மா."

அன்று முழுவதும் பள்ளியில் அவளுக்கு எதுவும் ஓடவில்லை. கணக்கு டீச்சர் கேட்ட கேள்விக்கு "தண்ணி" என்று அவள் பதில் சொல்லவும், வகுப்பே சிரித்தது. ரோஜா சிரிக்கவில்லை. குப்பாயி பெரியம்மா எப்போது கடைக்குப் போவாள்? ஒருவேளை போய்விட்டாளா?

கடைசி மணி அடித்ததும் நேரே ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

ரயில் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. கம்பெனி வேலை முடிந்து இறங்கியவர்கள் சமோசாக் கடையைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு நடுவில், இடுப்பில் தன் வீட்டு எண்ணெய்க் கேனுடன் குப்பாயி. கிடங்குக்குப் போகிற வழியில் நியாயம் கேட்க வந்திருந்தாள்.

"உண்மையைச் சொல்லுய்யா! எண்ணெயில தண்ணி ஊத்தினியா இல்லையா?"

கோபால் ஜல்லிக் கரண்டியும் கையுமாகத் திகைத்து நின்றார்.

"நான் ஊத்தல அக்கா. காயற எண்ணெயில தண்ணி ஊத்தினா என் மூஞ்சிதானே வெந்து போவும்?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் கையில் வாங்கிய சமோசாவைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே திருப்பி வைத்தார். கோபாலின் முகம் சுருங்கிப்போனது.

அதைப் பார்த்ததும் ரோஜாவின் கால்கள் தானாக முன்னால் நடந்தன.

"பெரிம்மா, ஒரு நிமிஷம்! சோதிச்சுப் பார்த்துடலாம்."

"நீ எங்கடி வந்தே?"

"அண்ணா, நேத்து வடிச்சு வெச்ச எண்ணெய், கேன்ல ஊத்தாதது, இருக்கா? கரண்டியில கொஞ்சமா எடுத்து அடுப்புல காட்டுங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

கோபால் தூக்குச் சட்டியிலிருந்து நாலு சொட்டு எடுத்து அடுப்பில் காட்டினார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். எண்ணெய் மெல்லப் புகைந்தது. சத்தமே இல்லை.

"இப்போ நாங்க குடுத்த கேனை நல்லாக் குலுக்கிட்டு, அதுலேருந்து எடுங்க. தண்ணி அடியில தங்கிடும்."

கேனைக் குலுக்கி எடுத்தார். அடுப்பில் காட்டினார்.

சட்! சடசட! சட்!

"பார்த்தீங்களா!" என்று கத்தினாள் குப்பாயி. "நான் சொல்லலை?"

"பெரிம்மா, உங்க கேன்லேருந்தும் எடுக்கணும்."

"என் கேன்லயா? நான் இன்னா தண்ணி ஊத்தறவளா? எடு, எடு, நல்லாவே எடு!"

குப்பாயியின் எண்ணெய் கோபாலின் எண்ணெயைவிட அதிகமாகச் சடசடத்தது. ஒரு சொட்டு எகிறிக் கடைப் பலகையில் விழுந்தது. குப்பாயி வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். அவள் வாயிலிருந்து வார்த்தை வராமல் போனதை ஆரம்பாக்கம் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது.

ரோஜா பேசாமல் இருந்திருக்கலாம். கோபால் மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டது. அவளை யாரும் சந்தேகப்படவும் இல்லை. அப்படியும் அவள் குப்பாயியின் எதிரே போய் நின்றாள்.

"கோபால் அண்ணாவும் ஊத்தலை. நீங்களும் ஊத்தலை, பெரிம்மா. நான்தான். கேனைக் கழுவிட்டுக் காயவைக்காம மூடி போட்டுட்டேன். எல்லாக் கேனையும்."

குப்பாயி கேனைக் கீழே இறக்கி வைத்தாள்.

"ஏண்டி, இதை நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"நேத்து எனக்கே தெரியாது பெரிம்மா. காலையிலதான் தெரிஞ்சுது. அப்புறம் பயமா இருந்துச்சு."

குப்பாயி அவளை முறைத்தாள். பிறகு கோபால் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் அவளுக்கு அது சரியாக வரவில்லை. "சரி, சரி... கேனு உங்கிட்டயே இருக்கட்டும்பா," என்றாள். அப்புறம், சமோசாவைத் திருப்பி வைத்தவரிடம் பாய்ந்தாள். "எடுத்துச் சாப்பிடுய்யா! நல்ல எண்ணெய்தான். நீயே பார்த்தே இல்ல?"

அம்மாவிடம் சொல்வதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தேசம்மா எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. "மாமாகிட்டயும் நீயே சொல்லு," என்றாள்.

மாமா தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். "கலக்கறதுக்கு முன்னாடி நான் சோதிச்சிருக்கணும். காஞ்ச கேன்தானேன்னு நெனச்சு, எண்ணெயை லேசா சூடு பண்ணதோட விட்டுட்டேன். தப்பு எம்மேலயும் இருக்கு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கி ராத்திரி வரை, தண்ணீர் வற்றுவதற்காக, கேன்களில் சேர்ந்த எண்ணெயைப் பெண்கள் காய்ச்சினார்கள். மணிக்கொரு தரம் தேசம்மா கரண்டியில் எடுத்து அடுப்பில் காட்டினாள். ரோஜா மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். மூன்று முறை சடசடத்தது. நாலாவது முறை ஒரே ஒரு 'சட்'. ஐந்தாவது முறை சத்தமே இல்லை. அதற்குப் பிறகுதான் மாமா மருந்து கலந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வயல் வரப்பில் பாதி ஊர் கூடியிருந்தது. வீரராகவன் ஐயா, தேன் நிற எரிபொருளைப் பாட்டிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கஷாயம் மாதிரி இருக்கு? என் எஞ்சினுக்குச் சளி கிளி ஒண்ணும் புடிக்கலையே."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை.

அவர் எரிபொருளை ஊற்றிவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றினார். எஞ்சின் ஒருமுறை இருமியது. நின்றுவிட்டது.

தேசம்மா ரோஜாவின் தோளை இறுக்கிப் பிடித்தாள். வலித்தது. ரோஜா நகரவில்லை.

இரண்டாவது முறை சுழற்றினார். புஸ்ஸென்று புகை. மறுபடி அமைதி.

"சரிதான்," என்று முணுமுணுத்தபடி ஐயா வேட்டியை மடித்துக் கட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது முறை சுழற்றினார்.

டுக். டுக். டுக்டுக். டுக்டுக்டுக்டுக்!

குழாய் ஒரு குலுங்கு குலுங்கியது. உள்ளே கொடகொடவென்று சத்தம். அடுத்த கணம் தண்ணீர் பீறிட்டு வாய்க்காலில் கொட்டியது. பெண்கள் கூச்சலிட்டதில், வயலில் இருந்த கொக்குகள் எல்லாம் பறந்துபோயின. தேசம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

வீரராகவன் ஐயா கால்மணி நேரம் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து புகையை முகர்ந்தார்.

"ஓடறது நல்லாத்தான் ஓடுது. அடுத்த வாரமும் கொண்டாங்க. ஆனா ஒண்ணு, புகை பூரா சமோசா வாசனை அடிக்குது. இப்படிப் பசியைக் கெளப்பினா நான் எப்படி வேலை செய்யறது?"

அவர் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் பசி தெரிந்தது. குப்பாயி இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள்.

"ரோஜா, ஓடிப்போய் கோபால்கிட்ட இருபது சமோசா வாங்கிக்கினு வா. குப்பாயி அக்காதான் கேட்டாங்கன்னு சொல்லு. கூட்டத்துக்கு நடுவுல நின்னு, சத்தமாச் சொல்லு!"

ரோஜா வரப்பில் ஓடினாள். அவள் சொன்னது ஸ்டேஷன் நடைமேடை வரைக்கும் கேட்டதாம்.