முள் படுத்திருக்கிறது

நல்ல உச்சிவெயிலில்தான் மீட்டர்காரர் அந்த ஐஸ் தொழிற்சாலைக்கு வந்தார். தன் தம்பி செத்த இடத்தை ஒருமுறை பார்த்தே தீர வேண்டும் என்று மனைவியும் அடம்பிடித்துக் கூட வந்திருந்தாள். அவளை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, சுவிட்ச் அறைக்குள் தனியாக நுழைந்தார். கருகிய வாடை இன்னும் போகவில்லை.

மெயின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சுவரிலிருந்த மீட்டர் அவரே வடிவமைத்தது. முதல் நூற்றெண்பது வோல்ட்டை உள்ளே ஒரு ஜீனர் டயோடு தடுத்துவிடும். அதற்கு மேல் வந்தால்தான் முள் எழும். நூற்றெண்பதிலிருந்து இருநூற்றறுபது வரை மட்டும் முகப்பு முழுக்க விரிந்திருப்பதால், ஒரு வோல்ட் ஆடினாலும் பளிச்சென்று தெரியும். கெட்டிக்காரத்தனம்தான். இடது ஓரத்தில் 180 என்று போட மட்டும் மறந்துவிட்டார், மகராசன்.

போன மாதம் மச்சினன் இங்கிருந்து போனில் கேட்டான். "மாமா, முள்ளு படுத்திருக்கு. கை வைக்கட்டா?"

"படுத்திருந்தா கரண்டு இல்லடா. வை."

நூற்றெழுபது வோல்ட் இருந்தது.

வீட்டில் அவர் சொன்னது வேறு. "உன் தம்பி அவசரக்குடுக்கை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இப்போது 180 அச்சடித்த புது முகப்பை ஒட்டி, யாருக்கும் தெரியாமல் தப்பை மூடிவிட வந்திருக்கிறார். திருப்புளியை எடுத்தார்.

காதோரம் யாரோ மூச்சுவிட்டார்கள்.

"மாமா... கை வைக்கட்டா?"

யாருமில்லை.

மணிக்கட்டை ஏதோ பிடித்தது.

எலும்பு நொறுங்க முறுக்கி, செம்புப் பட்டையில் அவர் கையை ஓங்கி அறைந்தது. உள்ளங்கை பொரிந்தது. நெற்றி பலகையில் மோதிக் கிழிந்து, ரத்தம் கண்ணை மறைத்தது. ஃபியூஸ் என்னவோ சட்டைப் பையில்தான் இருந்தது!

அலறல் கேட்டு மனைவி ஓடிவந்தாள். "ஐயோ, என்னங்க!" கண் மீட்டருக்குப் போனது. "முள்ளு படுத்துத்தானே இருக்கு? கரண்டு இல்லையே!" அவரை இழுக்கக் கையை நீட்டினாள்.

"தொடாதே! படுத்திருந்தாலும் கரண்டு இருக்கும்! அன்னைக்கு அவன் கேட்டான்... நான்தான் கை வைக்கச் சொன்னேன்!"

பிடி விட்டது. அவர் தரையில் சரிந்தார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவள் அங்கே கிடந்த ஸ்பேனரை எடுத்து மீட்டரை அடித்தாள். "கேட்டானா? உன்னைக் கேட்டானா?" கண்ணாடி சிதறியது. வயர் அறுந்து மீட்டர் அவர் மார்பில் வந்து விழுந்தது.

முள் மெல்ல எழுந்தது.

"அக்கா, நீ வெளியே போ. மாமாகிட்ட இன்னும் பேசணும்."

அவள் போனாள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் போனாள்.