சிட்டின் வலக்கண்

உக்கடம் சந்திப்பில் அறுபத்திரண்டாவது வண்டியும் நாச்சிமுத்துவுக்கு வழி விடாமல் போனது.

"கேட்டேன். மறுத்துவிட்டார்கள்" என்றது அவருடைய சின்னக் கார், சிட்டு.

மணி பதினொன்று இருபது. பேரூர் படித்துறையில் புரோகிதர் காத்திருந்தார். உச்சிப்பொழுதுக்கு முன்னால் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். மனைவி அம்சவேணி இறந்து இன்றோடு ஒரு வருடம், முதல் திதி. கடைசி மூச்சின்போதுதான் பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. இதையும் தவறவிட்டால் அவள் முகத்தை நினைத்துப் பார்க்கக்கூட தனக்கு யோக்கியதை இல்லை என்று நாச்சிமுத்து நினைத்தார்.

கோவையில் சிக்னல் கம்பங்களைப் பிடுங்கி ஆறு வருடமாகிறது. இப்போது வண்டிக்கு வண்டி வழிபேசி இருக்கிறது. சந்திப்புக்கு வரும் வண்டிகள் தங்களுக்குள் பேசி, அவசரக்காரரை முன்னால் அனுப்பிவிடும். "நீங்க போங்க" என்று ஒரு வண்டி சொன்னால் மற்றது நகரும். கொங்குநாட்டு மரியாதையைக் கேட்டுக் கேட்டுப் பழக்கிய குரல் அது. சிட்டு என்பது ஊர் வைத்த பெயர். ஜெர்மனியிலிருந்து வரும் அந்தச் சின்ன வண்டி, வளைவில் திரும்பும்போது சாலையைக் கவ்விக்கொள்ளும். கதவைச் சாத்தினால் நல்ல இரும்புப் பெட்டியை மூடுவதுபோல 'தப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கியவர்கள் உண்டு. வாங்கியபின் அழுதவர்களும் உண்டு. கண்ணாடி மடக்கும் விரலளவு பிளாஸ்டிக் உடைந்தால் கப்பலில் வரும்வரை நாற்பது நாள் காத்திருக்க வேண்டும். மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தால் போதும், காரணம் தெரியும்வரை ஓர் அடி நகராது.

ஒரு வருடத்துக்குமுன் அப்படித்தான் ஒரு சிட்டு நகராமல் நின்றது.

அன்று விஜயதசமி. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அம்சவேணி வாய்விட்டுக் கேட்டாளே என்று கஞ்சி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பும்போது, உடனே வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரிச் சந்துக்குள் நுழைந்தால், முன்னால் சேனாபதியின் வெள்ளைச் சிட்டு மரக்கட்டைபோல் நின்றது. சேனாபதி கல்யாணப் படம் எடுப்பவன். இருவரும் ஒரே நாளில் சிட்டு வாங்கி, ஒருவர் வண்டியை ஒருவர் ஓட்டிப் பார்த்துப் பழகிய சிநேகிதர்கள். பதினோரு நிமிடம் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டு, முட்டிவலியோடு இறங்கி ஓடினார். போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் போர்வையை முகம்வரை இழுத்துவிட்டிருந்தாள். தூக்குப்பாத்திரத்தில் கஞ்சி இன்னும் சுட்டது.

துக்கம் கேட்க வந்த சேனாபதியை வாசலிலேயே கதவைச் சாத்தி அனுப்பினார். பிறகு சிட்டுக்குள் போய் உட்கார்ந்தார். வழிபேசியில் வழி மறித்தவர்மேல் குறை வைக்கலாம்; குறை உள்ளவருக்கு மற்ற வண்டிகள் வழி விடா. சாதாரணக் குறை பத்து நாளில் கரைந்துவிடும். உயிர் போயிருந்தால் அது இறப்புக்குறை. தானாகக் கரையாது.

"என் வழிய மறிச்சவன் எவனோ, அவனுக்கு இந்த ஊர்ல ஒரு வண்டியும் வழி விடக்கூடாது. எங்கயும் அவன் நேரத்துக்குப் போய்ச் சேரக்கூடாது" என்றார் நாச்சிமுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பதிந்துகொண்டேன்" என்றது சிட்டு. "உங்கள் வழியை மறித்தவர் எவரோ, அவர்." சொன்ன சொல்லில் ஒன்றைக் கூட்டாது, ஒன்றைக் குறைக்காது. அதுதான் ஜெர்மன் வண்டி.

அதற்குப்பின் சேனாபதி எல்லாச் சந்திப்பிலும் கடைசி ஆளானான். பால் வண்டி போனது, குப்பை வண்டி போனது, அவன் நின்றான். முதல் மாதமே இரண்டு கல்யாணங்களில் தாலி கட்டி முடித்து, பந்தி நடக்கும்போது போய்ச் சேர்ந்தான். முகூர்த்தத்தைத் தவறவிட்ட படக்காரனை எவர் கூப்பிடுவார்? விடிகாலையில் கிளம்பிப் பார்த்தான், நடந்தும் பார்த்தான். அவன் வண்டி ஏனோ வேகமும் குறைந்து ஊர்ந்தது. நாச்சிமுத்து தினமும் காலையில் சிங்காநல்லூர் சந்திப்போரம் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, அந்த வெள்ளைச் சிட்டு நிற்பதைப் பார்ப்பார். பார்த்தால்தான் அவருக்குத் தேநீர் இறங்கும். சாமி கும்பிடும்போதுகூட, "இன்னும் கொஞ்ச நாள் அவன் நிக்கட்டும் முருகா" என்றுதான் கையெடுத்தார்.

இன்று காலை அந்தச் சந்திப்பைக் கடக்கையில் வெள்ளைச் சிட்டு நிற்கவில்லை. எல்லா வண்டிகளும் ஒதுங்க, ராஜா மாதிரி போனது. நின்றது நாச்சிமுத்துதான். அங்கே இருபது நிமிடம், அடுத்ததில் முப்பது, இப்போது இங்கே.

பழுது பார்க்கும் நிலையத்துக்குப் போன் போட்டார். கிரேஸ்லின் எடுத்தாள். ஊரில் உள்ள பாதி சிட்டுகளின் வயிற்றைத் திறந்து பார்த்தவள்.

"என்னம்மா இது, என் வழிபேசி கெட்டுப்போச்சா? ஒரு பய வழி விடமாட்டேங்கறான்!"

"வழிபேசி நல்லாத்தாங்க இருக்குது. நேத்து சேனாபதி அண்ணன் வண்டிக்கு வலக்கண்ணு கேமராவ மாத்தினோம். அதனாலதாங்க."

"அவன் கண்ணுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரிச் சந்துல வண்டி நின்னது அந்தக் கண்ணு மறைஞ்சுதாங்க. கண்ணு திடீர்னு மறைஞ்சா, ஏன்னு தெரியறவரைக்கும் சிட்டு நகராதே. பழைய கண்ணக் கழட்டினா, அதுல பதிஞ்சிருக்கறது தானா வழிபேசிக்குப் போயிரும். நின்னதுக்குக் காரணம் அந்த வண்டி இல்லீன்னு தெரிஞ்சுபோச்சு. காரணம் யாரோ, அவங்க பேருக்குக் குறை மாறிருச்சுங்க."

"யாரு காரணம்?"

"நானே அனுப்பறேன், பாருங்க."

சிட்டின் திரையில் ஒரு படம் வந்தது. வலக்கண் தெளிவாகப் பார்த்த கடைசிப் படம். திரை நிறைய ஒரு கட்டைவிரல். நுனியில் சந்தனம். ரேகைச் சுழிகள் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தன. அதற்கடுத்த படங்களில் சாரல் மழை. மேலிருந்து சந்தனம் கரைந்து மெல்ல வழிந்து, மறுநாள் ஆஸ்பத்திரிச் சந்தில் கண்ணை முழுக்க மூடி, உள்ளேயும் இறங்கிக் காய்ந்துவிட்டது.

தினமும் கட்டைவிரல் வைத்துத்தான் சிட்டைக் கிளப்ப வேண்டும். அந்த ரேகையை அதற்கு நன்றாகத் தெரியும். நாச்சிமுத்துவுக்கும் தெரிந்தது. விரலின் குறுக்கே ஓடிய பழைய வெட்டுத் தழும்பு அப்படியே இருந்தது.

போன வருட ஆயுத பூஜைக்குச் சிட்டு வைத்திருப்போர் எல்லாரும் வண்டிகளை ஒன்றாக நிறுத்திப் பூஜை போட்டார்கள். பக்திமான் என்று சந்தனக் கிண்ணத்தை அவர் கையில்தான் கொடுத்தார்கள். "முருகா, யாருக்கும் ஒரு கீறல்கூட விழாம பாத்துக்கோ" என்று மனதாரச் சொல்லி ஒவ்வொரு வண்டிக்கும் பொட்டு வைத்தார்.

"எல்லா வண்டிக்கும்தான வச்சேன்" என்றார்.

"மத்ததெல்லாம் ராத்திரி ஷெட்டுல நின்னுச்சுங்க. அண்ணன் வண்டி மட்டும் மழையில."

"சேனாபதிக்கு இது தெரியுமா?"

"போன வருஷமே காட்டினேனுங்க. 'கிரேஸு, கண்ண மாத்தாத. பொண்டாட்டிய இழந்தவன், இதையும் சுமக்கமாட்டான்'னு சொன்னாரு. ஒரு வருஷம் ஒத்தக் கண்ணுல ஊர்ந்துதான் ஓட்டினாரு. இப்ப தகுதிச் சோதனையில விடல. மாத்தியே ஆகணும்னுட்டாங்க."

நாச்சிமுத்து போனை வைத்தார். "குறைய எடுத்துரு" என்றார் சிட்டிடம்.

"இறப்புக்குறையை வைத்தவர் எடுக்க முடியாது. தவறாக அதைச் சுமந்து துன்பப்பட்டவர்தான் எடுக்கலாம்."

"துன்பப்பட்டது யாரு?"

"ஒரு வருடமாக, சேனாபதி."

மணி பதினொன்று முப்பத்தைந்து. எதிர்ச்சாலையில் ஏதோ ஒரு வண்டி நின்றது. நூறு வண்டிகள் வழி விட்டிருக்க, நகராமல் நின்றது. வெள்ளைச் சிட்டு. சேனாபதி இறங்கி வந்தான். தோளில் கேமரா, தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு வருடத்தில் அவனை இவ்வளவு கிட்டத்தில் நாச்சிமுத்து பார்த்ததில்லை.

"என்னப்பா, நடுரோட்டுல காய்ஞ்சுட்டு இருக்கற? வேணிக்கு இன்னிக்குத் திதியல்ல?"

நாச்சிமுத்து திரையில் இருந்த விரலைக் காட்டினார். சேனாபதி அதை ஒரு நொடி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"படம் எடுக்கறவன் சொல்றேன், சுமாரான படம். அழிச்சுரு."

"உன் பொழப்பக் கெடுத்தேன் சேனாபதி. தினமும் நீ நிக்கறத உக்காந்து பாத்தேன்."

"தெரியும். உன் டீ ஆறிப்போறதக்கூட நான் பாத்திருக்கேன்." அவன் சன்னல் வழியே கையை நீட்டி, சிட்டின் ரேகைத் தகட்டில் தன் கட்டைவிரலை அழுத்தினான். "எடுத்துருப்பா வண்டி. போதும்."

"குறை நீங்கியது" என்றது சிட்டு.

"நீ எங்க போகோணும்?" என்றார் நாச்சிமுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பேரூர்லதான். விஜயதசமியல்ல, பள்ளிக்கூடத்துல குழந்தைக அரிசியில எழுதறாங்க. ஒரு வருஷத்துல மொத வேலை."

"அப்ப நீ முன்னால போ."

"உனக்குத்தான் நேரமாச்சு. நீ போ."

அவன் தன் வண்டிக்குத் திரும்பினான். கதவு 'தப்' என்று மூடியது. ஆனால் இரண்டு வண்டிகளும் நகரவில்லை. "நீங்க போங்க" என்றது நாச்சிமுத்துவின் சிட்டு. "நீங்க போங்க" என்றது சேனாபதியின் சிட்டு. மறுபடி இது. மறுபடி அது. பின்னால் நின்ற நூறு வண்டிகளும் மரியாதையாகக் காத்திருந்தன.

"இரு தரப்பும் வழி விடுகின்றன" என்றது நாச்சிமுத்துவின் சிட்டு. "இதற்கு எனக்கு விதி கொடுக்கவில்லை."

ஆறு வருடத்தில் முதல் தடவையாக நாச்சிமுத்து வழிபேசியை அணைத்தார். ஸ்டியரிங்கைக் கையால் பிடித்தார். கெட்டியாக, நம்பிக்கையாக, வாங்கிய நாளில் இருந்தது போலவே இருந்தது அது. பிறகு தலையை நீட்டி, எதிரே இருந்தவனைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"ஏப்பா, சேந்தே போலாம் வா!"