வேலைக்காரர் வாசல்

சமையலறைக் கதவுக்கு உட்பக்கம் கைபிடி இல்லை என்பதைப் பால் பொங்கி வழிந்த பிறகுதான் சாம்பவி கவனித்தாள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுத் தை மாதம், ஞாயிறு பின்னேரம். பார்க்டேல் என்ற நகர்ப்பகுதியில், எண்பது வருடங்களுக்கு முன் கோடீஸ்வரர்களுக்கென்று எழுப்பிய அடுக்குமாடி. முன்பக்கம் பளிங்கும் பித்தளையும். பின்பக்கம், எசமானர் கண்ணில் படாமல் வேலையாட்கள் ஏறி இறங்கச் சுவருக்குள் சுவர் வைத்துக் கட்டிய படிக்கட்டு, மெலிந்தவர் மூச்சை அடக்கினால் போகக்கூடிய அகலம். மாளிகை மலிவாகக் கிடைத்தால் ஏனென்று கேட்கக்கூடாது என்பது அவள் கணவன் இரத்தினவேலின் வியாபார தர்மம்.

புதுவீட்டில் பால் காய்ச்ச அவர்கள் வந்து சேர்ந்தபோது லிப்ட் வரவில்லை. ராகுகாலமோ வந்துகொண்டிருந்தது.

“நீர் பாலோட பின்பக்கத்தால ஏறும்,” என்றான் இரத்தினவேல். “நான் பிள்ளையோட லிப்டில வாறன்.”

“குடிபூரலுக்குப் பின்வாசலோ அப்பா?” என்று கணவனைக் கேட்டாள்.

“வலது காலை வைச்சாச் சரி. ராகு என்ன, வாசலையும் பாக்கிறவரோ?”

வலது காலைத்தான் வைத்தாள். பாலும் பொங்கியது.

இப்போது தீய்ந்த பாலின் மணத்துக்கு அடியில் வேறொரு மணம், பழைய சவர்க்காரமும் ஈரத்துணியும் யார் யாருடையதோ வியர்வையும் கலந்தது, சுவர்களிலிருந்து கசிய, சூடேறிய இரும்புக் குழாய்கள் உள்ளே யாரோ கோப்பை கழுவுவதுபோல் கலகலத்தன. வீட்டுக்குள் போகும் கதவைத் தள்ளினாள். அசையவில்லை.

அப்பால் முன்கதவு திறந்தது. பிள்ளையின் மழலை.

“சாம்பவி, எங்கை நிக்கிறீர்?”

“இஞ்சை அப்பா, குசினிக்கை! கதவைத் திறவுங்கோ!”

“இஞ்சை நிக்கிறன்,” என்றது முன்னறையில் அவளுடைய குரல். “பிள்ளையைத் தாங்கோ.”

அவன் சிரித்தான். கொடுத்துவிட்டான்.

தான் ஏறிவந்த பின்கதவால் ஓடினாள். படி. இருட்டு. படி. தோள்களை இரு சுவரும் உரசின. அடியில் ஒரு கதவு. தள்ளினாள்.

சமையலறை. அடுப்பில் அதே பால்.

மறுபடி இறங்கினாள். மறுபடி சமையலறை. பால் ஆறியிருந்தது.

கதவில் அறைந்தாள். கத்தினாள். சுவரில் ஒரு பலகை விலகியது. சாப்பாட்டறைக்குத் தட்டு நீட்டும் சிறு திறப்பு. வெளிச்சம். மேசையில் இரத்தினவேல். எதிரே, முதுகு காட்டி ஒருத்தி. சாம்பவி உடுத்திருந்த அதே சேலை. தோளில் பிள்ளை.

சாம்பவி கையை நீட்டினாள். “இஞ்சேருங்கோ! நான்தான்!”

அவன் நேராக அவளைப் பார்த்தான்.

“ஆரப்பா உது?”

“வீட்டோட வந்தவ,” என்றது அவளுடைய குரல்.

“சம்பளமில்லாமச் சும்மாவோ? அப்ப நல்லதாப் போச்சு.”

பிள்ளை சாம்பவியைக் கண்டது. முகம் கோணியது. அந்நியரைக் கண்டதுபோல் வீரிட்டு, அந்தக் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து, சேலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.