ரோஷினியின் முழங்கால்

விளக்கு வைக்கிற நேரமானால் போதும், மிதுனுக்கு ரோஷினியின் முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிடும்.

"ஸ்ஸ்... படி ஏறுறா" என்பான் வலது காலைப் பிடித்துக்கொண்டு.

சமையலறையில் தோசைத் திருப்பியின் சத்தம் நின்றுவிடும். "எத்தனாவது படின்னு சொல்லலீங்களே?" என்பாள் மனைவி தன்யஸ்ரீ.

"நாலாவது. அது மட்டும் கொஞ்சம் உசரம்."

கேட்காமலே இருந்திருக்கலாம். வடவள்ளி அடுக்ககங்களின் சுவர்கள் மெல்லியவை. எதிர்வீட்டு சுகந்தி அக்காவுக்குத் தோசை கருகும் வாசனையும் சண்டையும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன.

ஊரில் எல்லா வண்டியும் தானாக ஓடுகிறது. "தானா ஓடுற வண்டிக்குக் காப்பீடு எதுக்கு?" என்று கட்டாமல் விட்ட புத்திசாலி மிதுன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தானோட்டியை அணைத்துவிட்டுத் தன் கையால் ஓட்டிப் பார்க்க ஆசை வந்தது. அப்போதுதான் நீச்சல் பயிற்சியாளர் ரோஷினி சாலையைக் கடந்துகொண்டிருந்தாள்.

அவள் முழங்காலுக்கான இழப்பீடு முழுதும் மிதுன் தலையில் கடனாக விழுந்தது. கடன் தீர்ப்பாயம் இரண்டு வழி காட்டியது. ஒன்று திவால். கடன் போய்விடும், கூடவே வீடும் ஏலத்தில் போய்விடும். இன்னொன்று வலியேற்பு. இருவர் பிடரியிலும் நகத்தளவு வலிமாற்றி ஒட்டுவார்கள். அடிபட்டவருக்குக் கிளம்பும் வலியை அது வழியிலேயே மறித்து, இடித்தவருக்கு அதே இடத்தில் இறக்கும். வாங்குகிற வலிக்குத் தக்கபடி கடன் கழியும். வீடு தன்யஸ்ரீயின் அப்பா போட்ட நகையை விற்று வாங்கியது. ஆகவே வலியே போதும் என்றார்கள் புருஷனும் பெண்டாட்டியும்.

ஆனால் தன்யஸ்ரீக்குத் தலைவலி வந்தால் மாத்திரை எங்கே என்று அவளிடமே கேட்கிறவன், ரோஷினி காலை நீட்டினாளா மடக்கினாளா என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். எந்தப் பெண்டாட்டிக்குத்தான் எரியாது?

"தாலி கட்டினவங்களுக்குள்ளயே இத்தன ஒட்டுதல் இல்லியே கண்ணு" என்று சுகந்தி அக்கா ஆறுதல் சொன்னாள். வழியையும் அவளே சொன்னாள். "புருஷன் கடன்ல பொண்டாட்டிக்கும் பங்குண்டுல்ல? அந்த வலிய நீ வாங்கிக்கோ. அறுந்துதுல்ல தொடுப்பு!"

தீர்ப்பாயம் மறுக்கவில்லை. யாருக்கு வலித்தால் அவர்களுக்கென்ன? மிதுனின் பிடரியிலிருந்து தன்யஸ்ரீயின் பிடரிக்கு வலிமாற்றி இடம் மாறியது. வெளியே வந்தவள், கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொண்டவள் மாதிரி நொண்டி நடந்தாள்.

அந்தப் பெருமை அதிக நாள் நிற்கவில்லை. வலி அப்படி. மிதுன் அவள் காலை மடியில் வைத்துத் தேய்த்தான். பலனில்லை. அது நல்ல கால்தானே! புண்பட்ட கால் சாய்பாபா காலனியில், ரோஷினி வீட்டில் அல்லவா இருக்கிறது?

தன்யஸ்ரீயே போன் போட்டாள். "ஏம்மா, டாக்டர் தைலம் போட்டு நீவச் சொன்னாரே, பண்றியா?"

"எனக்குத்தான் வலிக்கவே இல்லீங்களே அக்கா!" என்றாள் ரோஷினி கள்ளமில்லாமல். "தைலமெல்லாம் எதுக்குங்க? காலைல கூட ஓடிட்டு வந்தேன்."

அந்த ஓட்டம் தன்யஸ்ரீக்குக் காலையிலேயே தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை, மிதுன் பால் வாங்கப் போயிருந்தான். சோபாவில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவளுக்கு வலி மெல்ல இளகியது. அழுத்தும்போது ஏறி, விடும்போது இறங்கி, வட்டம் வட்டமாகக் குறைந்தது. இரண்டு கட்டைவிரல்கள் முழங்கால் சில்லைச் சுற்றி வருகிற அந்த வரிசை அவளுக்குத் தெரியும். மகள் வயிற்றில் இருந்தபோது வீங்கிய காலை மிதுன் அப்படித்தான் அமுக்கிவிட்டான்.

திரும்பி வந்தவனை வாசலிலேயே நிறுத்தினாள். "பால் எங்கீங்க?"

கைகளைப் பின்னால் மறைத்தான். தைல வாசனையை எதற்குப் பின்னால் மறைப்பது?

"உனக்கு வலிக்குதேன்னுதான் தன்யா. உன் கால அமுக்குனா உனக்குக் கேக்கல. நான் வேற என்ன பண்ணோணுங்கற?"

"போதுங்க. இனி அந்தப் பக்கம் போனீங்கன்னா, நான் எங்கப்பா வீட்டுக்குப் போயிருவேன்."

அவன் போகவில்லை. சமர்த்தாகப் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தான். ரோஷினியின் மாணவர்களுக்கோ போட்டி நெருங்கிவிட்டது. பகலெல்லாம் நீச்சல் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், வலிக்காத மகராசி. இங்கே தன்யஸ்ரீக்கு முழங்காலுக்குள் ஆணி அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவளே வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க..."

"ம்?"

"போயிட்டு வாங்க."

"எங்க?"

"தெரியாத மாதிரியே கேளுங்க! போய் அமுக்கிவிட்டுட்டு வாங்க. உடனே வந்துரோணும்."

மிதுன் அத்தனை வேகமாகச் செருப்பு மாட்டி சுகந்தி அக்கா பார்த்ததேயில்லை.

கொஞ்ச நேரத்தில் வலி இளகத் தொடங்கியது. தன்யஸ்ரீ கண்ணை மூடி ஒவ்வொரு விரலையும் பின்தொடர்ந்தாள். இதோ சில்லின் மேல் விளிம்பு. இதோ உள்பக்கம். இதோ, நரம்பு பிடித்த இடம். பிறகு வலி சுத்தமாக நின்றுவிட்டது.

வலிமாற்றி வலியைத்தான் கொண்டுவரும். வலி போன பிறகு அவன் கையை எடுத்துவிட்டானா, எழுந்து கிளம்பிவிட்டானா, அங்கேயே காபி குடித்துக்கொண்டு சிரிக்கிறானா என்று சொல்ல அதற்குத் தெரியாது. தன்யஸ்ரீ காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள், பிடரியில் இருந்ததைத் தட்டிப் பார்த்தாள். கால் பஞ்சு போல இருந்தது.

"வலிச்சுத் தொலையேன்டி" என்றாள் முழங்காலைப் பார்த்து.